இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க வெளிநாடு போறீங்களா? சம்பளத்துக்கு முன்னாடி ஊரைப் பாருங்க!

தளிக்கு வெள்ளைக்காரங்க வெச்ச செல்லப்பெயர் 'லிட்டில் இங்கிலாந்து'. குளிரும் பச்சைப்பசேல்னு இருக்கிற மேடு பள்ளங்களும் அவங்க ஊரை ஞாபகப்படுத்தியிருக்கு. இன்னிக்கு அதே தளியிலிருந்து ஓசூருக்குப் போற பஸ்ஸில் உட்கார்ந்து ரீல்ஸ் தள்ளிட்டு இருக்கிற ஒரு பி.ஏ. இங்கிலீஷ் பட்டதாரிக்கு, நடுவுல ஒரு விளம்பரம் வருது. 'தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை. மாதம் 1 லட்சம். அனுபவம் தேவையில்லை. விசா, டிக்கெட் இலவசம்.'

சிப்காட்ல ஷிஃப்ட் வேலை, இல்லைன்னா தினமும் பெங்களூருக்கு அலைச்சல்னு இருக்கிறவங்களுக்கு இது சொர்க்கவாசல் மாதிரிதான் தெரியும். அதுவும் வீட்டுல தெலுங்கு, தெருவுல கன்னடம், ஸ்கூல்ல தமிழ், காலேஜ்ல இங்கிலீஷ்னு வளர்ந்த எல்லையோரத்துப் பிள்ளைகளுக்குப் புது ஊரும் புது மொழியும் பெரிய பயமில்லை. போகணும்னு ஆசைப்படுறது தப்பே இல்லை. ஆனா, எந்த ஊருக்குப் போறோம், அந்த ஊர் நமக்குப் பாதுகாப்பானதான்னு எடை போடத் தெரியணும். அதை எப்படிப் பண்றதுன்னு பார்க்கலாம்.

'சேஃபான நாடு'ன்னு ஒண்ணு கிடையாது

நம்ம ஊர் உதாரணத்தையே எடுத்துக்கங்க. ஓசூர்க்காரங்களுக்கு பெங்களூரு அந்நிய ஊரா? காலையில போய் சாயங்காலம் திரும்புற ஊர். ஆனா, 2016 செப்டம்பர் 12-ம் தேதி காவிரிப் பிரச்னையில் கலவரம் வெடிச்சப்போ, அதே பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தாக்கப்பட்டன, பஸ்கள் கொளுத்தப்பட்டன. போக்குவரத்து நின்னுபோனதால, மக்கள் மூட்டை முடிச்சோட எல்லையை நடந்தே தாண்டினாங்க. அதுக்கு முந்தின வாரம் யாராவது 'பெங்களூரு சேஃபா?'ன்னு கேட்டிருந்தா, எல்லாரும் சிரிச்சிருப்பாங்க.

அதாவது, பாதுகாப்புங்கிறது நாட்டோட குணம் இல்லை. எந்த ஊர், எந்தத் தெரு, எந்த நேரம், அங்கே நீங்க யார், உங்க கையில என்ன பேப்பர் இருக்குங்கிறதைப் பொறுத்தது. இணையத்தில் 'உலகின் பாதுகாப்பான நகரங்கள்' பட்டியல் நிறைய கிடைக்கும். அதிகம் பகிரப்படுற நம்பியோ மாதிரியான தளங்களின் மதிப்பெண்கள், அந்தத் தளத்துக்கு வந்தவங்க சொன்ன அபிப்பிராயத்திலிருந்து கணக்கிடப்படுபவை. போலீஸ் புள்ளிவிவரம் இல்லை. ஒரு பார்வை பார்க்கலாம், ஆனா அதை வெச்சு முடிவெடுக்கக் கூடாது.

முதல் கேள்வி: அந்த ஊர் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம்?

விநோதமா இருக்கா? காரணம் இருக்கு. 2022-ல் தாய்லாந்தில் வேலைன்னு நம்பிப் போன தமிழக இளைஞர்கள் பலர், போய்ச் சேர்ந்தது மியான்மர்ல இருக்கிற மியாவடி. பாங்காக்கில் இறங்கினவங்களை காரில் ஏத்தி மேற்கே ஓட்டிட்டுப் போனாங்க. தாய்லாந்துப் பக்கம் கடைசி ஊர் மே சோட். நடுவுல மோய் ஆறு. அக்கரையில் மியாவடி. ஜுஜுவாடியைத் தாண்டினா அத்திப்பள்ளி மாதிரி, அவ்வளவுதான் தூரம். ஆனா, அந்த ஆற்றைத் தாண்டினதும் கையில் இருந்த தாய்லாந்து முத்திரை செல்லாது, பாஸ்போர்ட்டும் பிடுங்கப்பட்டது. அங்கே அவங்களுக்குக் கொடுத்த வேலை, ஆன்லைனில் வெளிநாட்டுக்காரங்களை ஏமாத்திப் பணம் கறக்கிற சைபர் மோசடி. மறுத்தவங்களுக்கு அடி, மின்சார ஷாக்.

2022 செப்டம்பர் 24-ம் தேதி இந்திய வெளியுறவுத் துறை இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டு ஊர் திரும்பினாங்க. கதை அதோட முடியலை. 2025 மார்ச் 10, 11 தேதிகளில், இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களைக் கூட்டிட்டு வந்தன. மியான்மர்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி வலுக்கட்டாயமா மோசடி வேலையில் வைக்கப்பட்டிருக்கலாம்னு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது.

அந்த விளம்பரங்களில் பெரும்பாலும் இருந்தது டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாதிரியான பதவிப் பெயர்கள்தான். ஆனா, அந்தக் கும்பலுக்குத் தேவைப்பட்டது இங்கிலீஷ்ல சரளமா சாட் பண்ணத் தெரிஞ்ச இளைஞர்கள். இங்கிலீஷ் டீச்சராகப் போக நினைக்கிறவங்ககிட்டயும் இருக்கிறது அதே திறமைதானே?

அதனால ஆஃபர் லெட்டர் வந்ததும் முதலில் ஊர்ப் பெயரைத் தேடுங்க. 'தாய்லாந்து'ன்னு மட்டும் போட்டிருந்தா, பள்ளியின் பெயர், தெரு, ஊர் எல்லாத்தையும் எழுத்தில் கேளுங்க. மேப்பில் போட்டுப் பாருங்க. மே சோட் பக்கமோ, லாவோஸ் - மியான்மர் - தாய்லாந்து சந்திக்கிற கோல்டன் ட்ரையாங்கிள் பக்கமோ, கம்போடியாவின் சிகானூக்வில் மாதிரி கேசினோ நகரமோ வந்தா, அதுக்கு மேல யோசிக்க வேண்டாம். 'முதல்ல பாங்காக் வாங்க, அங்கே சொல்றோம்'னு பதில் வந்தாலும் அதே முடிவுதான்.

இரண்டாவது: விசாவில் என்ன எழுதியிருக்கு?

2024 ஜூலையில் தாய்லாந்து, இந்தியர்கள் விசா இல்லாமலே 60 நாள் வரை தங்கலாம்னு அறிவிச்சது. நிறைய பேர் இங்கேதான் ஏமாந்துபோறாங்க. அந்த மாதிரி சலுகை சுற்றிப் பார்க்கத்தான். சம்பளத்துக்குப் பாடம் நடத்த இல்லை. அங்கே டீச்சரா வேலை பார்க்க, நான் இமிகிரன்ட் பி விசா வேணும், வொர்க் பெர்மிட் வேணும், பள்ளியில் நடத்தணும்னா அந்நாட்டு ஆசிரியர் கவுன்சிலின் அனுமதியும் வேணும். வியட்நாமிலும் டிகிரி, டெஃபல் மாதிரியான கற்பித்தல் சான்றிதழ், போலீஸ் கிளியரன்ஸ் எல்லாம் வெச்சுத்தான் வொர்க் பெர்மிட்.

'டூரிஸ்ட் விசாவில் வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்'னு சொல்ற ஏஜென்ட், உங்க பாதுகாப்பை மொத்தமா கழட்டி வெச்சுட்டுக் கூப்பிடறார்னு அர்த்தம். சம்பளம் தரலையா? ரோட்டில் பை பறிபோச்சா? போலீஸுக்குப் போனா முதல்ல மாட்டுறது நீங்கதான். அதனால வாயைத் திறக்க மாட்டீங்க. அது வேலை கொடுத்தவருக்கும் தெரியும்.

நாடுகளோட விதியும் நமக்கு ஒரே மாதிரி இல்லை. தென்கொரியாவின் இ-2 டீச்சர் விசா பொதுவா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக்காரங்களுக்குத்தான். 2010 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த இந்திய - கொரிய வர்த்தக ஒப்பந்தத்தால், இங்கிலீஷ் பட்டமும் ஆசிரியர் தகுதிச் சான்றும் இருக்கிற இந்தியர்களுக்கு உதவி ஆசிரியரா ஒரு கதவு திறந்திருக்கு. ஆக, 'பி.எட். தேவையில்லை, எந்த டிகிரியும் ஓகே, கொரியா போகலாம்'னு யாராவது சொன்னா, அது பொய்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

மூன்றாவது: யார் அனுப்புறாங்க?

1983-ம் வருஷ குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செஞ்சிருக்கணும். இ-மைகிரேட் தளத்தில் ஏஜென்ட்டோட பெயரைப் போட்டால், உரிமம் இருக்கா, நடப்பில் இருக்கான்னு தெரியும். அவர் உங்ககிட்ட வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோட ஜி.எஸ்.டி. ரசீது கட்டாயம். ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம்னு கேட்டா, அதுவும் ஜிபே பண்ணுங்கன்னா, அந்த இடத்திலேயே எழுந்து வந்துடுங்க. 'நம்ம சொந்தக்காரப் பையன்தான், நம்பலாம்'ங்கிறது உரிமம் ஆகாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி ஆஃபர் லெட்டரை அங்கே காட்டி விசாரிக்கலாம்.

இனிமேதான் ஊரை எடை போடணும்

மேலே சொன்ன மூணும் வாசல்படி. ஒண்ணுல தவறினாலும் அந்த ஆஃபர் அங்கேயே முடிஞ்சது. சம்பளம் எவ்வளவா இருந்தாலும் சரி. மூணையும் தாண்டின ஊர்கள் ரெண்டோ மூணோ கையில் இருந்தா, இந்த விஷயங்களை ஒப்பிட்டுப் பாருங்க.

ரோடு: திருட்டு, அடிதடியை விட, தென்கிழக்கு ஆசியாவில் ஒரு டீச்சருக்கு அன்றாட ஆபத்து டூவீலர்தான். சாலை விபத்து இறப்பு விகிதத்தில் ஆசியாவின் மேல்வரிசையில் தொடர்ந்து இருக்கிற நாடு தாய்லாந்து. இறப்பவர்களில் பெரும்பாலோர் டூவீலரில் போனவங்க. இன்னொரு சிக்கல், லைசென்ஸ். இந்தியாவில் தர்ற சர்வதேச டிரைவிங் பெர்மிட் 1949 ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்கிறது 1968 ஒப்பந்தத்தை. அங்கே நம்ம பெர்மிட்டை நம்பி வண்டி ஓட்டி விபத்தானா, இன்ஷூரன்ஸ் கைவிரிச்சிடும். அதனால பஸ், ரயில் வசதி இருக்கிற ஊருக்குக் கூடுதல் மார்க் போடுங்க. தங்குற இடத்திலிருந்து பள்ளிக்கு நடந்தே போகலாம்னா இன்னும் நல்லது.

நேரம்: பள்ளின்னா பகல் வேலை. லாங்வேஜ் சென்டர்னா பெரும்பாலும் சாயங்காலமும் வார இறுதியும்தான் கிளாஸ். ராத்திரி 9 மணிக்குமேல திரும்பணும். பெண்கள் இதை முதலிலேயே கேட்டுக்கணும்: கடைசி கிளாஸ் எத்தனை மணிக்கு முடியும், வீடு யார் தருவாங்க, கதவுக்கு உள்பூட்டு இருக்கா, அதே கட்டடத்தில் வேற டீச்சர்கள் இருக்காங்களா?

காற்று, மழை, நிலநடுக்கம்: சியாங் மாய் அழகான ஊர். ஆனா பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களையும் காட்டையும் எரிக்கிற புகை சூழ்ந்திருக்கும். ஆஸ்துமா இருந்தா யோசிக்கணும். ஹனோயை 2024 செப்டம்பரில் யாகி புயல் வெள்ளம் சுத்திக்கிச்சு. 2025 மார்ச் 28-ல் மியான்மரில் வந்த நிலநடுக்கத்துல, தூரத்து பாங்காக்கில் கட்டிட்டு இருந்த அடுக்குமாடியே இடிஞ்சு விழுந்தது.

ஆஸ்பத்திரியும் தூதரகமும்: நம்ம ஊர் ஆசிரியர்கள் ரொம்ப வருஷமா போயிட்டு இருக்கிற நாடு மாலத்தீவு. சட்டபூர்வமான வேலை, பகல் பள்ளி. ஆனா, போஸ்டிங் மாலேவிலா, தொலைதூரத் தீவிலா? தீவுன்னா, நடுராத்திரி குடல்வால் வலி வந்தா படகுல ஏத்தித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். கடல் கொந்தளிச்சா அதுவும் கஷ்டம். வியட்நாமில் ஹனோயில் தூதரகமும், ஹோ சி மின் நகரில் துணைத் தூதரகமும் இருக்கு. அதே நாட்டில் ஒரு மலை மாவட்டத்துக்குப் போனா, ரெண்டுமே ஒருநாள் பயணத் தூரம் ஆகிடலாம்.

எல்லாருக்கும் ஒரே மார்க் வராது. ஆஸ்துமா இருக்கிறவருக்குக் காற்றுதான் பெரிசு. தனியா போற பெண்ணுக்கு ராத்திரிப் பயணம். உங்களுக்கு எது தாங்காதோ, அதுக்கு அதிக எடை கொடுங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி நாலு வேலை

1. இப்போ அந்தப் பள்ளியில் வேலை பார்க்கிற இந்திய, பிலிப்பைன்ஸ் டீச்சர்கள் ரெண்டு பேர்கிட்ட வீடியோ கால்ல பேசுங்க. ஏஜென்ட் கொடுக்கிற நம்பர் வேண்டாம். பள்ளியோட பக்கத்துல நீங்களா தேடிப் பிடிங்க. சம்பளம் தேதிக்கு வருதா, பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க.

2. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், தங்குற முகவரி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டுல ஒருத்தர்கிட்ட கொடுங்க. போய் இறங்கினதும் தூதரகத் தளத்தில் பதிவு பண்ணுங்க. வெளியுறவுத் துறையின் மதத் தளம், அங்கே பிரச்னைன்னா புகார் கொடுக்கிறதுக்கானது.

3. வீட்டோட ஒரு குறிச்சொல் பேசி வெச்சுக்கங்க. மியாவடியில் இருந்தவங்க பலருக்கும், பக்கத்துல ஆள் நிக்கும்போதுதான் போன் கிடைச்சது. 'பாட்டிக்கு மாத்திரை வாங்கியாச்சா?'ன்னு கேட்டா 'நான் ஆபத்துல இருக்கேன்'னு அர்த்தம், இப்படி ஏதாவது.

4. திரும்பி வர்ற டிக்கெட்டுக்கான பணத்தைத் தனி அக்கவுன்ட்ல போட்டு, அதைத் தொடவே தொடாதீங்க. 'இந்த வேலை வேண்டாம்'னு அங்கே நின்னு சொல்றதுக்கான தைரியம் அந்தப் பணத்துலதான் இருக்கு. வட்டிக்கு வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிட்டுப் போனவங்களால அதைச் சொல்ல முடியறதில்லை. கடன் அடையட்டும்னு பொறுத்துப் பொறுத்தே மாட்டிக்கிறாங்க.

இவ்வளவும் பார்த்தா எந்த ஊருக்கும் போக முடியாதேன்னு தோணுதா? அப்படியில்லை. ஒழுங்கான பள்ளி, ஒழுங்கான விசாவோட போய் நிம்மதியா வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் நிறைய பேர் இருக்காங்க. அவங்க கேட்ட கேள்விகள்தான் இவை. நல்ல பள்ளி இதுக்கெல்லாம் கோவிச்சுக்காது. ரெண்டு நாள்ல பதில் அனுப்பும். 'நாளைக்குள்ள சொல்லுங்க, சீட் போயிடும்'னு அவசரப்படுத்துற ஆளை, நாளைக்குள்ளயே பிளாக் பண்ணிடுங்க. பணம் கட்டி ஏமாந்திருந்தா, வெட்கப்படாம 1930-க்கு உடனே போன் போடுங்க.

இன்னிக்கு பஸ்ஸில் அந்த விளம்பரம் வந்தா, லைக் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டு மெசேஜ் அனுப்புங்க: 'பள்ளி எந்த ஊர்ல இருக்கு?' பாதி விளம்பரங்கள் அந்த ஒரு கேள்வியிலேயே காணாம போயிடும். மிச்சம் இருக்கிறதை வீட்டுல உட்கார்ந்து நிதானமா எடை போடுங்க. ஆல் தி பெஸ்ட்!