4130 (எண்)

4130 என்பது 4129-க்கும் 4131-க்கும் இடையே அமைந்த இயல் எண் ஆகும். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில், 1988 பெப்ரவரி 17 அன்று ராஜமோகன் குழுவினர் கண்டறிந்த சிறுகோளின் எண்ணும் இதுவே. கணிதமேதை சீனிவாச இராமானுசனின் பெயர் சூட்டப்பட்டதால் அச்சிறுகோள் '4130 இராமானுசன்' எனப்படுகிறது. சுற்றுப்பாதை உறுதியான பின்னர் வரிசைப்படி வழங்கப்படும் எண் என்பதால், இது இராமானுசனுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. அவரது பெயருடன் இணைத்துப் பேசப்படும் 1729, 'பெரில்' என்னும் வேறொரு சிறுகோளுக்கு உரியது.

கணிதப் பண்புகள்

4130 = 2 × 5 × 7 × 59. எந்தப் பகாக் காரணியும் இருமுறை வராததால் இது வர்க்கக் காரணியற்ற எண்; நான்கு பகாக் காரணிகள் இருப்பதால் 2 × 2 × 2 × 2 = 16 வகுஎண்கள் உள்ளன. அவற்றின் கூட்டுத்தொகை 3 × 6 × 8 × 60 = 8640. எண்ணை நீக்கினால் 4510 கிடைக்கும். இது 4130-ஐ விடப் பெரிது. ஆகவே 4130 ஒரு மிகையெண் ஆகும்.

இதன் காரணியான 70 ஒரு விந்தையான எண். தன்னை நீக்கிய வகுஎண்களின் கூட்டுத்தொகை 74. ஆயினும் அவற்றுள் எவற்றைத் தெரிந்து கூட்டினாலும் 70 வராது. இத்தகைய எண்களுள் மிகச் சிறியது இதுவே. 144-ஐ விடப் பெரிய பகா எண்ணால் 70-ஐப் பெருக்கினால் இப்பண்பு நிலைக்கும் (எ.கா: 70 × 149 = 10430). 59-ஆல் பெருக்கும்போது நிலைப்பதில்லை. பின்வருமாறு சரிபார்க்கலாம்:

2065 + 826 + 590 + 413 + 118 + 70 + 35 + 7 + 5 + 1 = 4130

இராமானுசனின் எண்களுடன் ஒப்பீடு

தன்னினும் சிறிய எல்லா எண்களையும் விட மிகுதியான வகுஎண்கள் கொண்ட எண்களைப் பற்றி இராமானுசன் 1915-இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். அவ்வாய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. 2520 (48 வகுஎண்கள்), 5040 (60 வகுஎண்கள்) ஆகியன அவ்வகையின. 4130 அவ்வகையில் சேராது. 120-க்கே 16 வகுஎண்கள் உண்டு.

1729-ஐப் போல இரு நேர்ம முழுஎண்களின் கனங்களின் கூடுதலாக இரு வழிகளில் எழுதத்தக்க அடுத்த எண் 4104 ஆகும் (2³ + 16³ = 9³ + 15³). 4130 அதனினும் 26 மட்டுமே கூடுதல். எனினும் இதனை ஒரு வழியிலேனும் அவ்வாறு எழுத இயலாது.