சாகசப் பயண மோட்டார் சைக்கிளின் காப்புறுப்புகள்

சாகசப் பயண மோட்டார் சைக்கிள் என்பது தார்ச்சாலையிலும் மண் பாதையிலும் நெடுந்தொலைவு செல்லத்தக்கவாறு அமைக்கப்பட்ட விசையுந்து ஆகும். வண்டி சாயும்போதும், கல், சேறு, முள் முதலியவை தாக்கும்போதும் அதன் உறுப்புகள் பழுதடையாதிருக்கக் கூடுதலாகப் பொருத்தப்படும் கம்பிகள், தகடுகள், வலைகள், மறைப்புகள் ஆகியன காப்புறுப்புகள் எனப்படுகின்றன. இவற்றுட் பெரும்பாலானவை மலைப்பாதைகளையும் பாலைநிலங்களையும் கருத்திற்கொண்டு உருவானவை. தஞ்சாவூரை உள்ளடக்கிய காவிரி டெல்டா போன்ற சமதள வயல்நாட்டில் இடர்கள் வேறாகையால், தேர்வும் வேறுபடுகின்றது.

பின்னணி

இவ்வகை வண்டிகளுக்கு முன்னோடியாக 1980 இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் கருதப்படுகின்றது. தமிழ்நாட்டிலேயே இத்தகைய வண்டிகள் உற்பத்தியாகின்றன. சென்னையைச் சேர்ந்த ராயல் என்பீல்டு நிறுவனம் 2016 இல் ஹிமாலயன் வண்டியை வெளியிட்டது. 411 கன செ.மீ. பொறியும், 21 அங்குல முன்சக்கரமும், 220 மி.மீ. தரை இடைவெளியும் கொண்ட அவ்வண்டியின் பொறி காற்றாலும் எண்ணெயாலும் குளிர்விக்கப்பட்டது. 2023 நவம்பரில் வந்த 452 கன செ.மீ. ஹிமாலயனோ நீர்மத்தால் குளிர்விக்கப்படுவது. ஒரே பெயர் கொண்ட இவ்விரு வண்டிகளுக்கும் ஒரே காப்புறுப்புப் பட்டியல் பொருந்தாது. ரேடியேட்டர் வலை பின்னதற்கு மட்டுமே தேவைப்படும்.

டெல்டாவின் சாலைகள்

கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எனப் பிரிந்தோடும் ஆறுகளின் கரைகளிலும், அவற்றிலிருந்து கிளைக்கும் வாய்க்கால்களின் கரைகளிலும் பல ஊர்ச்சாலைகள் அமைந்துள்ளன. ஒருபுறம் நீர், மறுபுறம் தாழ்ந்த வயல் என்றிருக்கும் இக்கரைகளில் எதிரே நெல் ஏற்றிய டிராக்டர் வந்தால் ஓரத்து மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். அங்கே கால் வழுக்கி, நின்ற நிலையிலேயே வண்டி சாய்வதுதான் எதிர்பார்க்க வேண்டிய முதல் விபத்து. பாறை இங்கு அரிது.

இரண்டாவது இடர் அறுவடையோடு வருவது. குறுவை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரிலும், சம்பா சனவரி, பிப்ரவரியிலும் அறுவடையாகின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் ஈரப்பதத்திற்குப் பொதுவான வரம்பு 17 விழுக்காடு ஆகும். மழையில் நனைந்த நெல்லை அந்த அளவுக்கு உலர்த்தப் போதிய களம் இல்லாதபோது, உழவர்கள் தார்ச்சாலையின் ஒரு பாதியில் அதனைப் பரப்புகின்றனர். வண்டிகள் ஏறாதிருக்க ஓரத்தில் கற்களை வரிசையாக வைப்பதும் உண்டு. இருளில் இக்கற்கள் தெரிவதில்லை. சில இடங்களில் கதிரும் வைக்கோலும் சாலை முழுவதும் பரப்பப்படுகின்றன.

அடித்தகடு

பேஷ் பிளேட் எனப்படும் அடித்தகடு பொறியின் அடிப்பகுதியைக் கல் மோதாமல் காக்கின்றது. பல வண்டிகளில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகின்றது. மலைப்பயணிகள் அதனை நீக்கிவிட்டு, பக்கங்களிலும் மேலேறி மூடும் பெரிய தகட்டை வாங்குகின்றனர். டெல்டாவில் இந்த மாற்றம் நன்மையைவிடத் தீமையையே தரக்கூடும். பொறியின் முன்பகுதியிலிருந்து இறங்கும் புகைபோக்கிக் குழாய் தகட்டிற்கு மிக அருகிற் செல்கின்றது. வைக்கோல் பரப்பிய சாலையைக் கடக்கும்போது தாளும் பதரும் அந்த இடைவெளியில் அடைந்துகொள்கின்றன. உலர்ந்த வைக்கோல் பற்றிக்கொள்ளப் போதிய வெப்பம் அக்குழாயில் உண்டு. தகடு எவ்வளவு மூடியதோ அவ்வளவுக்கு வைக்கோல் தங்கும். தங்கியது வெளியே தெரியவும் செய்யாது. எனவே வண்டியோடு வந்த சிறிய தகடே இங்குப் போதுமானது. மாற்றித்தான் ஆகவேண்டுமெனில், கை விட்டுத் துப்புரவு செய்ய இடமும், சேற்றுநீர் வடியத் துளைகளும், எண்ணெய் மாற்றும் திருகுக்கு வழியும் உள்ளதைத் தேர்தல் வேண்டும். வைக்கோலைக் கடந்ததும் பொறியை நிறுத்தி, அடியிலும் பின்சக்கர அச்சிலும் சுற்றியுள்ளவற்றை அகற்றுவது எந்தத் தகட்டையும்விடப் பயன் தருவது. குழாய் சுடும் என்பதால் குச்சி கொண்டு அகற்றுவது நன்று.

க்ராஷ் கார்டு

டெல்டாவுக்கு முதலில் வாங்கத்தக்கது இதுவே. ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள வண்டி சாயும்போது கிளட்ச் பிடி, கியர் மிதி, பொறியின் பக்க மூடி ஆகியவை அடிபடுகின்றன. மூடி உடைந்து எண்ணெய் வடிந்தால் பயணம் அங்கேயே முடிவடையும். க்ராஷ் கார்டு அந்த அடியைத் தான் வாங்கிச் சட்டகத்திற்குக் கடத்துகின்றது. ஆகவே குழாயின் பருமனைக் காட்டிலும் அது எங்கே பிணைக்கப்படுகின்றது என்பதே முதன்மையானது. ஒரே புள்ளியில் தொங்கும் கனத்த கம்பி நெம்புகோலாக மாறிப் பொறியின் பிணைப்பையே முறிக்கக்கூடும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு அல்லது மூன்று இடங்களில் பிணைந்து, இரு பக்கங்களும் குறுக்குக் கம்பியால் இணைந்திருப்பது சிறந்தது. பளபளப்பு இதற்குச் சான்றாகாது.

கைக்காப்பும் ரேடியேட்டர் வலையும்

ஹேண்ட் கார்டுகளில் இரு வகை உண்டு. நெகிழி மறைப்பு மட்டுமே உள்ளது காற்றையும் மழையையும் தடுக்கும். ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் பிணைக்கப்பட்ட அலுமினியப் பட்டை கொண்டதே விழும்போது பிடிகளைக் காக்கும். வாய்க்கால் கரைகளில் நீண்டு நிற்கும் சீமைக்கருவேல முள்ளிலிருந்து விரல்களையும் அது காக்கின்றது.

ரேடியேட்டர் வலையின் துளைகள் மிகச் சிறியனவாயின் காற்றோட்டம் குறையும். பெரியனவாயின் கல் நுழையும். அறுவடைக் காலத்தில் பதர் படிந்து வலையே அடைபடுவதால், எளிதிற் கழற்றக்கூடியது ஏற்றது. உயரழுத்த நீரைப் பாய்ச்சினால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

சேலைக்காப்பு

பெட்டிகள் மாட்டும் சட்டகத்திற்கு இடம் வேண்டிப் பலர் முதலிற் கழற்றி எறிவது சேலைக்காப்பை. பின்னிருப்பவரின் உடை சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் அமைப்பு வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 கூறுகின்றன. சேலை, வேட்டி, துப்பட்டா ஆகியவற்றோடு மக்கள் பின்னிருக்கையில் ஏறும் நாட்டில் இது உயிர்க்காப்பு. இதனை விட்டுவைத்துப் பொருந்தும் சட்டகங்களையே நாடவேண்டும்.

பொருளும் பிணைப்பும்

நாகப்பட்டினம், வேதாரண்யம், கோடியக்கரை ஆகிய கடலோரப் பகுதிகளின் உப்புக்காற்றில், பூச்சு உரிந்த இரும்புக் குழாய் விரைவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு விலை மிகுந்ததாயினும் நீடிக்கும். அலுமினியத் தகட்டை எஃகுத் திருகால் இறுக்கிய இடத்தில் உப்புநீர் தங்கினால், மின்வேதி அரிப்பால் அலுமினியம் கரைகின்றது. அத்தகைய பயணத்திற்குப்பின் நன்னீரால் கழுவுதல் இன்றியமையாதது.

இவ்வுறுப்புகள் யாவும் வண்டியையே காக்கின்றன. க்ராஷ் கார்டு பொறிமூடியைக் காப்பது போல் ஓட்டுநரின் முழங்காலைக் காப்பதில்லை. செலவு வரம்புக்கு உட்பட்டதாயின் ஐ.எஸ். 4151 தரச்சான்று பெற்ற தலைக்கவசம், கணுக்காலை மூடும் காலணி, முழங்கால் காப்பு ஆகியவற்றிற்குப்பின் எஞ்சும் தொகையிலேயே கம்பிகளையும் தகடுகளையும் எண்ண வேண்டும். ஒற்றைப் பொறியுருளை வண்டிகளின் அதிர்வில் திருகுகள் தளர்வதால், புதிதாகப் பொருத்தியவற்றை முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குள் மீண்டும் இறுக்கிச் சரிபார்த்தல் வேண்டும்.