செல்ஃப் சுற்றுகிறது, லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா?

விடிவதற்குள் லோடு கிளம்ப வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது; எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. உங்களுடையது கம்ப்யூட்டர் இல்லாத பழைய டீசல் லாரி என்றால், எஃப்.ஐ. பம்பை (டீசலை அளந்து அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் பம்ப்) கழற்றச் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விடாமல் செல்ஃப் அடிக்கலாமா? கூடாது. ஒரு தடவைக்குப் பத்து வினாடி, பிறகு ஒரு நிமிடமாவது ஓய்வு. பேட்டரி இறங்கிவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

கோளாறு எங்கே என்று எப்படித் தெரியும்? கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நீங்கள் செல்ஃப் அடியுங்கள்; கிளீனர் சைலன்சர் வாயைப் பார்க்கட்டும். டீசல் எஞ்சினில் பொறி தரும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நசுக்க, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, எரியவில்லை.

புகை இல்லை, முதலில் எதைப் பார்ப்பது? டேங்கில் டீசல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். மீட்டர் முள்ளை நம்ப வேண்டாம். அடுத்து, எஞ்சினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள். துருப்பிடித்து இழுத்த இடத்திலேயே சிக்கியிருந்தால் பம்ப் டீசல் தராது. பம்பில் இருக்கும் லிவரைக் கையால் பழைய இடத்துக்குத் தள்ளுங்கள். காசு செலவில்லாமல் முடிகிற வேலை இது.

அதுவும் சரியென்றால், ஏர் பிடித்திருக்கலாம். டீசல் தீர்ந்து நின்ற வண்டியிலும், ஃபில்டர் மாற்றிய வண்டியிலும் பெரும்பாலும் இதுதான். நாசில் திறக்கச் சுமார் 200 கிலோ அழுத்தம் வேண்டும். குழாயில் காற்று இருந்தால் அது பஞ்சுபோல் அமுங்கிக்கொடுக்கும், அழுத்தம் ஏறாது.

‘எங்கேயும் ஒழுகவில்லையே, காற்று எப்படிப் புகுந்தது?’ என்று கேட்பீர்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்த வழியில் வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே சொட்டுவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். ரப்பர் ஹோஸை வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு வளைத்தால்தான் தெரியும். ஏற்கெனவே நசுங்கிய காப்பர் வாஷரைத் திரும்பப் போட்டாலும் இதே கதைதான்.

ஏர் எடுப்பது எப்படி? டீசல் ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (கையால் அடிக்கும் சின்ன பம்ப்) அடியுங்கள். முதலில் நுரை வரும். குமிழி நின்று டீசல் தெளிவாக வந்ததும், அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்குங்கள். எஃப்.ஐ. பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் அப்படியே. பிரைமர் பிடியைத் திரும்பப் பூட்ட மறக்காதீர்கள். இன்னும் பிடிக்காவிட்டால் நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் முடுக்குங்கள். அப்போது கையையும் முகத்தையும் தள்ளியே வையுங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெள்ளைப் புகை வந்தால்? செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். 24 வோல்ட் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது அளவு 19-க்கும் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். வேகமாகச் சுற்றியும் வெள்ளைப் புகைதான் என்றால் நாசில், டைமிங், கம்ப்ரஷன் (நசுக்கும் அழுத்தம்) பார்க்க வேண்டும். அது மெக்கானிக் வேலை. ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்வதை மட்டும் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தீப்பிடிக்கும், ரிங்கும் உடையும்.

வண்டி பிடித்ததும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பிறகு அணைத்துவிட்டு, தளர்த்திய நட்டுகளைத் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையிலும் இதே தொல்லை என்றால், காற்று புகும் இடம் இன்னும் அடைபடவில்லை.