சுகயீன லீவும் வருடாந்த லீவும்: யாருக்கு எந்தச் சட்டம்?

க.பொ.த. (உயர்தரம்) வணிகக் கல்வி: தொழிற் சட்டங்கள் பகுதிக்கான துணை விளக்கம்

14, 7, 21, 24 என்னும் நான்கு எண்களையும் லீவு பற்றிய வினாவிற்கு மனனம் செய்து செல்லும் மாணவர்கள் பலர். எண்கள் சரியாகவே இருக்கும். ஆனால் எந்த எண் யாருக்கு உரியது என்பதில்தான் புள்ளிகள் இழக்கப்படுகின்றன. இலங்கையில் ஊழியர் அனைவருக்கும் பொதுவான ஒரே லீவுச் சட்டம் இல்லை. ஒருவர் எங்கே, எவ்வகைத் தொழிலில் வேலை செய்கிறார் என்பதை வைத்தே அவருடைய லீவு தீர்மானமாகிறது. இதை விளங்கிக்கொள்ளத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசம் நல்ல களம். அரச அலுவலகம், கப்பல் முகவர் நிலையம், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள், மா ஆலை, சீமெந்து ஆலை, மத்திய வீதிக் கடைகள் யாவும் சில மைல் தூரத்திற்குள் அடங்கிவிடுகின்றன.

2017 ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிண்ணியாவிலும் அயற் கிராமங்களிலும் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டில் நாடு முழுவதும் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அவ்வாறான ஒரு காலத்தில் ஒரே ஒழுங்கையில் வசிக்கும் மூவருக்குக் காய்ச்சல் வந்ததாகக் கொள்வோம். ஒருவர் பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். இரண்டாமவர் நகரிலுள்ள கப்பல் முகவர் நிலையத்தில் எழுதுவினைஞர். மூன்றாமவர் துறைமுகத்தில் பொதி இறக்கும் ஒப்பந்தகாரரிடம் வேலை செய்பவர். வைத்தியர் மூவருக்கும் பத்து வேலை நாட்கள் ஓய்வு என எழுதிக்கொடுக்கிறார். நோய் ஒன்று, சான்றிதழும் ஒன்று. மாத முடிவில் மூவர் கையிலும் கிடைக்கும் சம்பளம் எவ்வாறிருக்கும்?

அரச உத்தியோகத்தர்

பிரதேச செயலக உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவையின் XII ஆம் அத்தியாயம் ஏற்புடையது. அதன்படி வருடத்திற்குச் சமயோசித லீவு 21 நாட்களும் ஓய்வு லீவு 24 நாட்களுமாக மொத்தம் 45 நாட்கள். சமயோசித லீவை ஒரே தடவையில் ஆறு நாட்களுக்கு மேல் எடுக்க முடியாது. சுகயீனம் நீடிக்குமாயின் மருத்துவச் சான்றிதழ் சமர்ப்பித்து ஓய்வு லீவிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். அதுவும் தீர்ந்தால் அரைச் சம்பள லீவு, சம்பளமற்ற லீவு என ஏற்பாடுகள் தொடர்கின்றன. எனவே முதலாமவரின் சம்பளத்தில் ஒரு சதமும் குறையாது.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை. துறைமுக அதிகாரசபை ஊழியரை மாணவர்கள் இதே வகையில் சேர்த்துவிடுவதுண்டு. இலங்கைத் துறைமுக அதிகாரசபை 1979 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட நியதிச்சட்டக் கூட்டுத்தாபனம். அரச திணைக்களம் அன்று.

கடை, அலுவலக ஊழியர்

கப்பல் முகவர் நிலைய எழுதுவினைஞரும் மத்திய வீதிப் புடவைக் கடை விற்பனையாளரும் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருபவர்கள். பரீட்சையில் அதிகம் கேட்கப்படும் பகுதி இதுவாகும்.

இச்சட்டத்தில் வருடாந்த லீவு 14 நாட்கள். இது வேலைக்குச் சேர்ந்த முதலாவது நாட்காட்டி வருடத்தில் கிடைப்பதில்லை. இரண்டாவது வருடத்திலிருந்தே கிடைக்கும். அந்த இரண்டாவது வருடத்திலும் எத்தனை நாட்கள் என்பது சேர்ந்த திகதியைப் பொறுத்தது. ஜனவரி முதல் மார்ச் முடிவிற்குள் சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூன் முடிவிற்குள் சேர்ந்தவருக்கு 10, ஜூலை முதல் செப்டெம்பர் முடிவிற்குள் எனின் 7, ஒக்டோபரில் அல்லது அதன் பின்னர் எனின் 4. மூன்றாவது வருடம் முதல் எல்லோருக்கும் 14. “வருடம்” என்பது சேர்ந்த நாளிலிருந்து எண்ணும் பன்னிரண்டு மாதங்கள் அல்ல, ஜனவரி முதல் டிசெம்பர் வரையான காலம் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சமயோசித லீவு வருடத்திற்கு 7 நாட்கள். முதலாவது வருடத்தில் மட்டும், பூர்த்தியாகும் ஒவ்வொரு இரண்டு மாத சேவைக்கும் ஒரு நாள் வீதம் கணிக்கப்படும். சொந்தக் கருமம், சுகவீனம், வேறு நியாயமான காரணம் ஆகிய மூன்றிற்கும் உரியது இந்த ஏழு நாட்களே. “சுகயீன லீவு” என்ற பெயரில் தனியான ஒரு லீவு இச்சட்டத்தில் இல்லை. பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்திற்கும், உறவினர் வீட்டுச் சாவிற்கும், தன் காய்ச்சலுக்கும் ஒரே ஏழு நாட்களைத்தான் பங்கிட வேண்டும். “கடை, அலுவலகச் சட்டத்தின்படி சுகயீன லீவு 14 நாட்கள்” என்று எழுதும் விடைக்குப் புள்ளி கிடைக்காமைக்குக் காரணம் இதுவே.

அப்படியானால் தனியார் கம்பனிகள் பலவற்றில் 21 நாள் சுகயீன லீவு இருக்கிறதே எனக் கேட்கலாம். அது சட்டம் தந்ததன்று. நியமனக் கடிதமோ கூட்டு உடன்படிக்கையோ தந்தது. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ், தொழிற்சங்கமும் தொழில்தருநரும் செய்துகொள்ளும் கூட்டு உடன்படிக்கையின் நிபந்தனைகள், அதற்குட்பட்ட ஊழியரின் சேவை ஒப்பந்தத்தில் உள்ளடங்கியவையாகக் கருதப்படும். சட்டம் குறிப்பிடுவது ஆகக் குறைந்த அளவு. ஒப்பந்தத்தினால் அதைக் கூட்டலாம், குறைக்க முடியாது. ஆகவே வேலைக்குச் சேரும் ஒருவர் சம்பளத் தொகையைப் பார்த்தவுடன் கடிதத்தை மடித்து வைக்காமல் லீவு பற்றிய பந்தியையும் வாசிப்பது நல்லது.

சம்பளச் சபைத் தொழில்கள்

பொதி இறக்கும் தொழிலாளிக்கு 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் பொருந்தும். தொழிலுக்குத் தொழில் தனித்தனிச் சபைகள் உண்டு. அவற்றில் தொழில்தருநர், தொழிலாளர் ஆகிய இரு தரப்பினதும் பிரதிநிதிகள் இருப்பர். வருடாந்த விடுமுறை முந்திய வருடத்தில் வேலை செய்த நாட்களின் தொகையைப் பொறுத்துக் கணிக்கப்படும். முந்திய வருடம் நோயினால் பல நாட்கள் வேலைக்கு வராதவருக்கு இவ்வருட விடுமுறையும் குறையக்கூடும் என்பது இம்முறையின் கடினமான பக்கம். கடை, அலுவலக ஊழியருக்குள்ள ஏழு நாள் சமயோசித லீவு இவருக்கு இல்லை. பத்து நாட் காய்ச்சலை அவர் பெரும்பாலும் தன் சொந்தச் செலவில்தான் கழிக்க வேண்டியிருக்கும்.

நடைமுறையில் இதைவிடப் பெரிய பிரச்சினை ஆதாரம். ஒப்பந்தகாரரிடம் நாட்கூலிக்குச் செல்வோர் பலரின் பெயர் எந்த இடாப்பிலும் இருப்பதில்லை. “இவர் என் ஊழியர் அல்லர்” எனத் தொழில்தருநர் கூறினால், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு, சம்பளப் பட்டியல், வரவு அட்டை போன்றவையே சாட்சி. இவை கையில் உள்ளவர் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யும்போது அவரது பக்கம் பலமாக இருக்கும்.

வேறு இரண்டு நிலைமைகளை இத்துடன் கலக்காதீர்கள். கப்பலில் பொதி சரிந்து ஒருவரின் கால் முறிந்தால் அது சாதாரண சுகயீனம் அன்று. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் ஏற்பட்ட காயத்திற்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. மகப்பேற்று லீவும் வேறு. 2018 ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின்னர், முன்பு மூன்றாம் பிள்ளை முதல் இருந்த குறைப்பு நீக்கப்பட்டு, எல்லாப் பிள்ளைப்பேற்றுக்கும் 84 நாட்கள் கிடைக்கின்றன.

பிற நாடுகள்

நோயுற்ற தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பை முழுவதும் தொழில்தருநர் மீது சுமத்தாமல் காப்புறுதி மூலம் பங்கிடும் முறை ஜேர்மனியில் 1883 இலேயே சட்டமாயிற்று. அயல்நாடான இந்தியாவில் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தொடங்கப்பட்ட ஊழியர் அரச காப்புறுதித் திட்டம் உள்ளது. ஊழியரும் தொழில்தருநரும் பணம் செலுத்துவர். தகுதியுள்ள ஊழியர் நோயுற்றால் வருடத்திற்கு 91 நாட்கள் வரை சம்பளத்தின் 70 சதவீதத்தைப் பெறலாம். இலங்கையில் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் இருந்தாலும், தனியார் துறை ஊழியரின் நோய்க்காலச் சம்பளத்தை இவ்வாறு ஈடுசெய்யும் பொதுத் திட்டம் கிடையாது. “ஒப்பிட்டு விளக்குக” என வரும் வினாவிற்கு இவ்வேறுபாட்டை எழுதலாம்.

மாதிரி வினா

கப்பல் முகவர் நிலையமொன்றில் ஒருவர் 2023 மே 15 ஆம் திகதி எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அவ்வருட டிசெம்பர் மாதத்தில் டெங்குக் காய்ச்சலினால் பத்து வேலை நாட்கள் வேலைக்குச் செல்லவில்லை. அதற்கு முன் அவர் லீவு எதுவும் எடுக்கவில்லை. நியமனக் கடிதத்தில் சுகயீன லீவு பற்றிக் குறிப்பு இல்லை. (அ) எத்தனை நாட்களுக்குச் சம்பளம் கோரலாம்? (ஆ) 2024, 2025 ஆம் ஆண்டுகளில் அவரது லீவு உரித்து யாது?

விடை: (அ) மே 15 இலிருந்து ஜூலை 14, செப்டெம்பர் 14, நவம்பர் 14 ஆகிய திகதிகளுடன் மூன்று இரண்டு மாதக் காலங்கள் பூர்த்தியாகின்றன. எனவே சமயோசித லீவு 3 நாட்கள். முதலாவது வருடம் என்பதால் வருடாந்த லீவு இல்லை. மூன்று நாட்களுக்கு மட்டுமே உரிமையாகச் சம்பளம் கோரலாம். மிகுதி ஏழு நாட்களும் தொழில்தருநரின் விருப்பைப் பொறுத்தவை. (ஆ) ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் சேர்ந்தவர் ஆகையால் 2024 இல் வருடாந்த லீவு 10, சமயோசித லீவு 7, மொத்தம் 17 நாட்கள். 2025 இல் 14 உம் 7 உமாக 21 நாட்கள். அந்த 14 நாட்களில் குறைந்தது ஏழு நாட்களைத் தொடர்ச்சியாக வழங்க வேண்டும் என்பதையும் விடையில் சேர்க்கவும்.