புகைப்படத்தின் அளவு சரி; முகத்தின் அளவு சரியா?

புதுதில்லி: நுழைவுத் தேர்வு, வங்கிப் பணி, விசா எனப் பல விண்ணப்பங்களுக்குப் புகைப்படத்தை இணையத்தில் பதிவேற்றுவது இன்று கட்டாயமாகிவிட்டது. நீள அகலத்தையும் கோப்பின் அளவையும் சரியாக அமைத்த பின்னரும் சில படங்கள் ஏற்கப்படுவதில்லை. படத்துக்குள் இருக்கும் முகம் உரிய அளவில் இல்லாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். கடைசி நாளில் இந்தச் சிக்கல் எழுந்தால், விண்ணப்பிக்கும் வாய்ப்பே கைநழுவக்கூடும்.

மூன்று வெவ்வேறு அளவுகள்

விண்ணப்பப் படத்துக்கு மூன்று அளவுகள் உண்டு. பிக்சல் கணக்கிலான நீள அகலம் முதலாவது. கிலோபைட் கணக்கிலான கோப்பு அளவு இரண்டாவது. சட்டத்துக்குள் தலை எவ்வளவு உயரம் பிடிக்கிறது என்பது மூன்றாவது. வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ், 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கிலோபைட் என முதல் இரண்டு அளவுகளைக் குறிப்பிடுகிறது. அமெரிக்க விசா விண்ணப்பத்திலோ மூன்றும் உண்டு. படம் 600 முதல் 1,200 பிக்சல் வரையிலான சதுரமாகவும், 240 கிலோபைட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். உச்சந்தலை முதல் முகவாய் வரையிலான உயரம், படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதமாக அமைய வேண்டும்.

கணக்கு எளிது

பலர் முதலில் படத்தின் வெளி அளவை மாற்றுகின்றனர். ஆனால், உள்ளே இருக்கும் தலையின் அளவிலிருந்தே தொடங்க வேண்டும். கைபேசியில் எடுத்த படம் 3,000-க்கு 4,000 பிக்சல் என்றும், அதில் தலையின் உயரம் 900 பிக்சல் என்றும் கொள்வோம். 600 பிக்சல் சதுரத்தில் தலை 60 சதவீதம் இருக்க, அதன் உயரம் 360 பிக்சலாக வேண்டும். 360-ஐ 900-ஆல் வகுத்தால் 0.4 கிடைக்கும். முழுப் படத்தையும் 40 சதவீதமாகச் சுருக்கினால் அது 1,200-க்கு 1,600 பிக்சலாகும். தலை 360 பிக்சலாகிவிடும். அதன் பிறகு, முகம் நடுவில் அமையுமாறு 600 பிக்சல் சதுரத்தை வெட்டி எடுத்தால் போதும்.

கண்களின் இடத்துக்கும் விதி உண்டு. கீழ்விளிம்பிலிருந்து 56 முதல் 69 சதவீத உயரத்தில், அதாவது இந்தச் சதுரத்தில் 336 முதல் 414 பிக்சலுக்குள் கண்கள் இருக்க வேண்டும். வெட்டும் இடத்தை முடிவு செய்ய இது உதவும்.

தவிர்க்க வேண்டியவை

செவ்வகப் படத்தை வெட்டாமல், நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே மாற்றிச் சதுரமாக்கினால் முகம் அகன்றோ நீண்டோ உருமாறிவிடும். அடையாளத்தைச் சரிபார்க்கவே படம் கேட்கப்படுகிறது என்பதால், இந்தத் திரிபு சிக்கலை உண்டாக்கும். எனவே, நீள அகல விகிதத்தைப் பூட்டி வைக்கும் வசதியைப் பயன்படுத்துவது அவசியம்.

தலையின் உயரம் 200 பிக்சல் மட்டுமே இருந்தால், அதை 360-ஆக உயர்த்த 1.8 மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்போது மென்பொருள் பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு இடைவெளியை நிரப்புமே தவிர, படத்தில் இல்லாத நுணுக்கத்தை மீட்டுத் தராது. படம் மங்கிவிடும். அருகிலிருந்து புதிய படம் எடுப்பதே முறை.

கோப்பின் அளவைக் குறைப்பது கடைசி வேலை. ஜேபெக் வடிவில் சேமிக்கும்போது தரத்தைச் சற்றுக் குறைத்தால் கிலோபைட் குறையும். பிக்சல் எண்ணிக்கை மாறாது. முகத்தை அழகூட்டும் செயலிகளுக்கு இங்கே இடமில்லை. தோற்றத்தை மாற்றும் திருத்தங்களை அமெரிக்க விசா விதிகள் அனுமதிப்பதில்லை.

விதிகள் விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் மாறுபடும். ஆகவே, அந்தந்த அறிவிக்கையில் தலையின் அளவு குறிப்பிடப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே படத்தைச் சுருக்கத் தொடங்குவது நல்லது.