கழற்ற மறந்துபோகும் ஹெட்போன்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் மூன்று வாரம் பாட்டுக் கேட்டேன். ஹெட்போன் புதுசு. கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்தபோது மிருதங்கத்தின் தொப்பி ஒலிகூடத் தனியாகக் கேட்டது. யோசிக்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அன்று ராத்திரி ஒரு முழுக் கச்சேரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் கண்ணாடியின் கம்பி காதுக்கு மேலே எலும்பில் போய் அழுத்தத் தொடங்கியது. தனி ஆவர்த்தனம் வரும்வரை தாங்க முடியவில்லை. கழற்றிவிட்டுத் தடவினால், விரல் நுனிக்குத் தெரிகிற அளவுக்குத் தோலில் ஒரு பள்ளம்.

நான்காம் நாள் பில்லோடு கடைக்குப் போனேன். "சவுண்டு வருதுல்ல சார்? அப்புறம் என்ன?" என்றார் கடைக்காரர். கல்லாவுக்குப் பின்னால் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை. திரும்பி வந்துவிட்டேன். இருபத்திரண்டாம் நாள் இடது பக்கம் சத்தமே இல்லாமல் போனது. மறுபடி போனேன். இந்த முறை அவர் பேசக்கூட இல்லை, பலகையைக் கைகாட்டினார். வெளியில் காசு கொடுத்துச் சரிசெய்துகொண்டேன்.

பிற்பாடு சட்டத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. முதல் தடவை கடைக்காரர் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டாம் தடவை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் தெரியாததால்தான் பலரும் பணத்தை விட்டுவிட்டு வருகிறோம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் 'குறைபாடு' என்பதற்கு விளக்கம் இருக்கிறது. பொருளின் தரத்திலோ அளவிலோ, சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டியது இல்லையென்றால் அது குறைபாடு. விற்பவர் சொன்னபடி பொருள் இல்லாவிட்டாலும் குறைபாடுதான். ஒரு பக்கம் ஒலி நின்றுபோவது சந்தேகமில்லாமல் இதில் வரும். பெட்டியில் 250 கிராம் என்று போட்டுவிட்டு உள்ளே 320 கிராம் இருந்தாலும் வரும். ஆனால் நன்றாக வேலை செய்கிற ஹெட்போன் என் தலைக்கும் என் கண்ணாடிக்கும் பொருந்தவில்லை என்றால், அந்தக் காரணத்துக்காக மட்டும் சட்டம் கடைக்காரரைப் பிடிக்காது.

குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதை, இதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கால அவகாசம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள். ஒன்றுமே குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள். என் பில்லில் எதுவும் எழுதியிருக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் எனக்கு உரிமை இருந்தது. சுவரில் தொங்கும் பலகை அந்த உரிமையை எடுத்துவிடாது. பில் தர மறுப்பதும் முறையற்ற நடைமுறைதான். 'பில் இல்லாம வாங்குனா இருநூறு ரூபாய் கம்மி' என்று சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். மிச்சம் பிடிக்கிற அந்த இருநூறோடு உங்கள் ஆதாரமும் போய்விடும்.

உறுத்தலுக்குச் சட்டத்தில் மருந்து இல்லை என்பதால், சுகம் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் எந்த ஹெட்போனும் வலிக்காது. தினமும் போடுகிற கண்ணாடியோடு, போடுகிற தோட்டோடு, முடிகிற கொண்டையோடு கடைக்குப் போங்கள். அரை மணி நேரமாவது மாட்டியிருக்க விடும் கடையைத் தேடுங்கள். அதற்கு இடம் கொடுக்காவிட்டால், அதே மாடலை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு சாயங்காலம் இரவல் வாங்குங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? முதலில் காது. குஷன் காதைச் சுற்றி உட்காருகிறதா, காதின்மேல் உட்காருகிறதா என்பதுதான் நீண்ட நேரத்துக்குப் பெரிய கேள்வி. காதின்மேல் உட்காரும் சின்ன ரகம் மடல் குருத்தெலும்பைத் தட்டையாக அழுத்தும்; ஜிமிக்கியோ தோடோ போட்டிருந்தால் திருகாணி பின்னால் கழுத்துப் பக்கம் குத்தும். சுற்றி உட்காரும் ரகத்திலும் குழி ஆழம் போதாவிட்டால் உள்ளேயிருக்கும் ஸ்பீக்கர் மூடி மடலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். முதலில் தெரியாது. ஒரு மணி நேரத்தில் அந்த ஒரு புள்ளி எரியும்.

எடை அடுத்தது. சென்ஹைசரின் எச்டி 600 சுமார் 260 கிராம். சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 சுமார் 254 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் உலோக உடம்போடு 385 கிராமை ஒட்டி வரும். எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடாதீர்கள். உச்சந்தலையில் பாரம் பரவலாக உட்கார்ந்தால் கனமானதும் தாங்கும். ஒரே இடத்தில் இறங்கினால் இலேசானதும் வலிக்கும். கழற்றியபின் உச்சந்தலையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் நொந்திருந்தால் அந்த ஹெட்போன் உங்களுக்கு வேண்டாம். பக்கவாட்டு இறுக்கமும் அப்படித்தான். கண்ணாடி போடுபவர்களுக்கு மெத்தென்ற குஷனும் கொஞ்சம் தளர்ந்த பிடியும் வேண்டும். ரொம்பத் தளர்ந்தாலும் கண்ணாடிக் கம்பி ஓரமாக இடைவெளி விழுந்து அடிநாதம் கசிந்துவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. பெரும்பாலான குஷன்கள் பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல்ரீதியாகவே சிதையும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் வைத்துப் புழங்கும் ஹெட்போன், குளிர்நாட்டில் இருப்பதைவிடச் சீக்கிரம் உரிவதற்கு அதுதான் காரணம். கன்னத்திலும் சட்டைக் காலரிலும் கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். வியர்வையும் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: குஷனைத் தனியாகக் கழற்ற முடியுமா? மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்குமா? பல கம்பெனிகளின் வாரண்டியில் குஷன் சேராது. தேய்மானப் பொருள் என்று ஒதுக்கியிருப்பார்கள். வாரண்டித் தாளின் பொடி எழுத்தில் அது இருக்கும்.

வெல்வெட் மாதிரியான துணிக் குஷனும், பின்புறம் திறந்த ஹெட்போனும் காதைப் புழுங்க விடாது. சென்ஹைசர் 1968-இல் எச்டி 414 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மஞ்சள் பஞ்சு வைத்த அந்த ஹெட்போன்தான் திறந்த ரகத்துக்கு வழிகாட்டி. சித்திரை வெயிலில் தனியறையில் கேட்பவருக்கு அந்த ரகத்தைவிடச் சுகமானது இல்லை என்பது என் அனுபவம். ஆனால் உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும், கூடத்து டிவி உங்களுக்குக் கேட்கும். பஸ்ஸுக்கு ஆகாது.

காதுக்குள் செருகும் பட்ஸைப் பற்றி ஒன்று மட்டும். பெட்டியோடு வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவு பொருந்துவது சகஜம். ஈரக் காதில் செருகாதீர்கள். தலைக்குக் குளித்த கையோடு மாட்டி மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் பூஞ்சைத் தொற்றுக்கு நாமே இடம் கொடுத்ததாகும். அரிப்போ கசிவோ வந்தால் பஞ்சுக் குச்சியால் குடையக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும்.

போலிகளிடமிருந்து தப்பிக்கவும் வழி இருக்கிறது. கம்பியில்லா ஹெட்போனுக்கும் இயர்போனுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவு உண்டு. பெட்டியிலோ பொருளிலோ ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்தப் பதிவு எண்ணைத் தட்டினால் அது எந்தத் தயாரிப்பாளருடையது என்று வந்துவிடும். பெட்டியில் இருக்கும் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. லித்தியம் பேட்டரியைக் காதோரம் வைத்துக்கொண்டு தூங்கிப்போகிறவர்கள் இந்த இரண்டு நிமிடத்தைச் செலவழித்தே ஆக வேண்டும் என்பேன்.

ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு 2020-இல் வந்த மின்வணிக விதிகள் துணை நிற்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'பிடிக்கவில்லை' என்ற காரணத்துக்குத் திரும்பக் கொடுக்கலாமா என்பது மட்டும் அந்தந்த விற்பனையாளர் வைத்த நிபந்தனை. பணம் கட்டுமுன் அந்த வரியைப் படித்து, செல்போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள். மெயிலோ வாட்ஸ்அப்போ போதும். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் கம்பெனியிடம் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வழக்குக் காரணம் எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். திருநெல்வேலியில் இருப்பவர் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. பேட்டரி வெடித்தோ சூடாகியோ உடம்புக்குக் காயம் என்றால் விஷயம் பெரிது. தயாரிப்பாளர்மீதே இழப்பீடு கேட்கச் சட்டத்தில் தனி அத்தியாயம் இருக்கிறது. அப்போது கருகிய பொருளை வீசிவிடாதீர்கள், டாக்டர் சீட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவும் பார்த்து நல்ல ஹெட்போன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எனக்குக் கவலை அங்கேதான் தொடங்குகிறது. உறுத்துகிற ஹெட்போனை முக்கால் மணி நேரத்தில் நாமே கழற்றி வைத்துவிடுவோம். சுகமானது தலையில் இருப்பதே மறந்துபோகும். தோல் வலிக்கும், உட்காது வலிக்காது. நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட அந்த உறுப்புக்குள் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் சத்தமில்லாமல் சாகின்றன. மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்குக் கொடுத்திருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். மூன்று டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகிவிடும். குழந்தைகளுக்கு அந்த 40 மணி நேரமே 75 டெசிபலுக்குத்தான். 'குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது, 85 டெசிபல்' என்று பெட்டியில் போட்டு விற்பதை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள்: அந்த அளவில் பிள்ளைகள் கேட்கக்கூடியது வாரத்துக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். ஆன்லைன் வகுப்பும் கார்ட்டூனும் சேர்ந்தால் இரண்டே நாளில் தீர்ந்துவிடும்.

சத்தத்தை நாம் ஆசைப்பட்டுக் கூட்டுவதில்லை, இரைச்சலோடு போட்டி போட்டுக் கூட்டுகிறோம். மின்சார ரயிலில் ஆலாபனை கேட்டுப் பாருங்கள். தம்புராவோடு மெல்ல வரும் கார்வை ரயில் சத்தத்தில் கரைந்துபோகும், விரல் தானாக வால்யூமுக்குப் போகும். அதே அளவில் தனி ஆவர்த்தனம் வந்து காதில் இறங்கும். நாய்ஸ் கேன்சலிங் வசதி இங்கேதான் காசுக்குப் பெறும். ரயில், பஸ், ஏசி போன்ற அடிக்குரல் இரைச்சலை அது நன்றாகக் குறைப்பதால் பாட்டைக் கூட்ட வேண்டிய தேவையே குறைகிறது. நான் வீட்டில் அமைதியான அறையில் அளவை வைத்துக்கொண்டு கிளம்புகிறேன், வழியில் கூட்டுவதில்லை. ரோட்டைக் கடக்கும்போதும் தண்டவாளத்தின் அருகிலும் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்கிறேன்.

என் அக்கா மகள் ஒரு ராத்திரி ஃபேனை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினோம். "இன்னும் அந்த விசில் சத்தம் கேக்குது மாமா" என்றாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. காதில் பட்ஸோடு நாள் முழுக்கப் படிக்கிற பிள்ளை. ஆடியோகிராம் எடுத்தபோது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலால் காது கெடும்போது விழும் பள்ளம் அது. சாதாரணப் பேச்சு அவளுக்கு இப்போதும் நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் எங்கள் யாருக்குமே தெரியவில்லை.

பாட்டுக் கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் நீடித்தால், கூட்டத்தில் யார் பேசினாலும் "என்ன சொன்னீங்க?" என்று கேட்க நேர்ந்தால், மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டிச் செவித்திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு பக்கம் திடீரென்று கேட்காமல் போயிருந்தால் அழுக்கு அடைத்திருக்கும் என்று எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். மருத்துவம் சீக்கிரம் தொடங்கினால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு. நாள் தள்ளத் தள்ள அது குறையும். அன்றைக்கே போய்விடுங்கள்.