ஓய்மாநாட்டு முல்லையும் மூதாயும்

சங்கச் செய்யுட்களிற் பயிலும் உயிரினப் பெயர்களுள் மரம், கொடி, புள், விலங்கு என்பன பற்றி ஆராய்ந்தோர் பலர். புதுச்சேரியில் ஆட்சிப் பணியிலிருந்த பி. எல். சாமி அவர்கள் இத்துறையில் ஆற்றிய தொண்டு பெரிது. எனினும், சிற்றுயிர்ப் பெயர்கள் வருமிடத்து நம் உரைக்குறிப்புகள் பெரும்பாலும் ‘ஒருவகைப் பூச்சி’ என்ற அளவில் நின்றுவிடுகின்றன. ஒரு பெயர் எவ்வுயிரைக் குறிக்கின்றது, அவ்வுயிர் எந்நிலத்தில் எப்பொழுதிற் காணப்படுவது என்பன தெரியாதவழி, அப்பெயரைப் புலவர் ஆண்ட திறமும் நமக்குத் தெரியாது போகும். மூதாய், கோபம் என்னும் இரு பெயரால் வழங்கும் சிற்றுயிர் ஒன்றன் வாழிடத்தையும் பரவலையும் செய்யுட் சான்றோடும் உயிரியற் சான்றோடும் ஒப்பவைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்குக் கொண்ட நிலம் ஓய்மாநாடு. அஃதாவது இன்றைய விழுப்புரம் மாவட்டத்துத் திண்டிவனம், வானூர்ப் பகுதிகளைத் தன்னகத்துக் கொண்ட பழைய நாடு.

முதற்கண் பெயரைத் தெளிதல் வேண்டும். கோபம் என்பது ஈண்டுச் சினத்தைக் குறிப்பதன்று; இந்திரகோபம் என்னும் வடசொல்லின் குறுக்கம். மழைக்கடவுளாகிய இந்திரனைக் காவலாகக் கொண்டது என்பது அதன் பொருள். உரைகாரர் கோபத்தையும் மூதாயையும் தம்பலப்பூச்சி எனக் கொண்டனர். தம்பலமாவது வெற்றிலை மென்ற செஞ்சாறு. நிறம்பற்றி வந்த பெயர் என்க. இன்று நாட்டுப்புறத்தில் இதனைப் பட்டுப்பூச்சி என்றும் வெல்வெட்டுப் பூச்சி என்றும் வழங்குவர். முன்னைய பெயர் மாணவரை இடர்ப்படுத்துவது. பட்டுநூல் தரும் புழுவுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

அகராதிகள் செய்த குழப்பம் இதனினும் பெரிது. மோனியர் வில்லியம்சின் வடமொழி அகராதி (1899) இந்திரகோபத்துக்குக் கொச்சினீல் பூச்சி என்றும் மின்மினி என்றும் பொருள் தருகின்றது. கொச்சினீல் அமெரிக்க நாட்டுச் சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் பூச்சி. சென்னையில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்துச் சாயத்தொழில் வளர்க்க முயன்ற பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் அது இந்நாடு புகுந்தது. அதனைச் சங்கப் புலவர் கண்டிருத்தல் எங்ஙனம்? மின்மினியோ இரவிற்குரியது, கோபமோ பகலொளியிற் செந்நிறத்தாற் புலப்படுவது. இந்திரகோபம் என்பது செந்நிற வெல்வெட்டு உண்ணியே என்பதனைச் சீக்பிரீட் லீன்ஹார்ட் என்னும் அறிஞர் 1978இல் வடமொழிக் காவியச் சான்றுகளைக் கொண்டு நிறுவினார். தமிழ்ச் செய்யுட்களை மட்டும் கொண்டு நோக்கினும் அம்முடிபே பெறப்படும்.

பூச்சி என வழங்கினும் மூதாய் பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் கால் உடையது; சிலந்தி, தேள் ஆகியவற்றோடு ஒரு வகுப்பில் வைத்து எண்ணப்படும் உண்ணி. இந்தியாவிற் பரவலாகக் காணப்படும் பேரினத்தை டிராம்பிடியம் கிராண்டிசிமம் என்பர். உடல் முழுதும் அடர்ந்த குறுமயிர் போர்த்திருத்தலின் பட்டுத்துணி போலத் தோன்றும். நன்கு வளர்ந்தது ஒரு சென்டிமீட்டரையும் கடக்கும். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுள்ளே கழித்து, மண் நனையும் மழை பெய்தபின் வெளிப்போந்து, இரை தேடி, இணை கூடி, மீண்டும் மண்ணுட் புகுவது இதன் இயல்பு. முட்டையினின்று வரும் இளவுயிர்க்கு ஆறு கால்களே உண்டு. அது வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் உடலிற் பற்றிச் சாறுண்டு வாழும். சிறகில்லாத இவ்வுயிர் ஓரிடத்தினின்று பிறிதோரிடம் பரவுதற்கு அப்பூச்சிகளே ஊர்தியாகின்றன. வளர்ந்தபின் இது பிறிதொன்றைப் பற்றி வாழாது, தானே வேட்டையாடிச் சிற்றுயிர்களையும் அவற்றின் முட்டைகளையும் உண்ணும். இதன் சுவை பறவைகட்கு ஒவ்வாது. செந்நிறம் அதனை முன்னறிவிக்கும் அடையாளம். வெட்டவெளியில், வழிநடுவே, ஒளியாது ஊர்தற்குக் காரணம் இதுவே.

இவ்வினத்தின் உறவுகள் உலகெங்கும் உள. ஐரோப்பாவில் 1758இல் லின்னேயசு பெயரிட்ட டிராம்பிடியம் ஹோலோசெரிசியம் என்பது சில மில்லிமீட்டர் அளவினதாய், இளவேனில் வெயிலிற் புல்வெளிகளில் ஊர்வது. அங்கே அது இளவேனிலின் உயிர். இங்கே இது காரின் உயிர். இந்தியாவிற்குள்ளும் மழை தொடங்கும் காலத்துக்கு ஏற்ப இதன் தோற்றம் மாறும். ஆந்திர நாட்டார் இதனை ஆருத்ர புருகு என்பது, ஆனியில் ஞாயிறு திருவாதிரையிற் செல்லும்போது பெய்யும் முதன்மழையோடு இது வருதலின். வடநாட்டார் பீர் பஹூட்டி என்பர். சட்டிசுகரில் இதனைத் திரட்டி உலர்த்தி மருந்துக்கென விற்கும் வழக்கமும் உண்டு. ஆண்டில் சில நாள் மட்டுமே தலைகாட்டும் ஓர் உயிரை அந்நாளிலேயே வாரிக்கொள்ளும் வணிகம் அது.

இனிச் செய்யுட்களை நோக்குவோம். அகநானூற்றில் நான்கு, பதினான்கு, இருபத்துநான்கு என நான்கில் முடியும் எண்ணுடையன முல்லைப் பாட்டுகள். ஒக்கூர் மாசாத்தனாரின் 14ஆம் பாட்டு, கொற்றங்கொற்றனாரின் 54ஆம் பாட்டு, மதுரைக் கவுணியன் பூதத்தனாரின் 74ஆம் பாட்டு, சீத்தலைச் சாத்தனாரின் 134ஆம் பாட்டு ஆகியவற்றில் இவ்வுயிர் வருகின்றது, நான்கும் முல்லை. இடைக்காடனாரின் 139ஆம் பாட்டு பாலையாயினும், அங்கும் மழை பெய்து ஓய்ந்த வைகறையின் பின்னரே இது காட்டப்படுகின்றது. நிறத்துக்கு உவமை புலவர்தோறும் வேறுபடும்: ஒருவர் குருதி என்பார், ஒருவர் பவளம் என்பார், ஒருவர் அரக்கு என்பார். வேறுபடாதது இடம். 14இல் செம்மண் பெருவழி. 74இல் பெருவழியின் பக்கம். 54இல் தேர்ச்சக்கரம் பதிந்து உருளும் செந்நிலம். 134இல் செந்நிலப் புறவு. தம்முட் காலத்தாலும் ஊராலும் வேறுபட்ட நால்வர் செம்மண்ணையும் வழியையும் விடாது கூறுதல் மரபுபற்றி மட்டும் வந்ததாகத் தோன்றவில்லை. நீர் விரைந்து வடியும் இளகிய செம்மண்ணே மண்ணுட் புகுந்து வாழும் உயிர்க்கு ஏற்றது. புல் மூடாத வழியே அதனைக் காண்டற்கு ஏற்றது. உயிர் வாழும் இடம் வேறு, அது மாந்தர் கண்ணிற் படும் இடம் வேறு. புலவர் இரண்டையும் ஒருங்கே பதிந்து வைத்துள்ளனர்.

மேற்கூறிய அகப்பாட்டுகள் எந்நாட்டு நிலத்தைக் கூறுவன எனத் துணிதல் அரிது. சிறுபாணாற்றுப்படையோ அங்ஙனமன்று. அதன் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவன் ஊராகிய கிடங்கில் இன்றும் திண்டிவனத்தின் பகுதி. பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரினர். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே கடலையொட்டிய பகுதி. எனவே அவர் பாடியது அயல்நாட்டை அன்று, தம் அண்டை நிலத்தை. பாணன் செல்லும் வழியை அவர் முறையே வகுக்கின்றார்: கடற்கரையில் எயிற்பட்டினம், அதன்பின் முல்லை நிலத்து வேலூர், பின்னர் மருத நிலத்து ஆமூர். எயிற்பட்டினத்தை மரக்காணத்தை ஒட்டியதாகவும், வேலூரை வானூர் வட்டத்து உப்புவேலூராகவும் கொள்வர் அறிஞர் சிலர். வேலூரை அடையுமுன் வரும் முல்லைப் பகுதியில், கொல்லையின் நெடிய வழியிற் கோபம் ஊர்தலை நத்தத்தனார் கூறுகின்றார். ஈண்டும் வழி, ஈண்டும் புன்செய்.

நிலத்தை நேரிற் கண்டார்க்கு இது வியப்பளிக்காது. மரக்காணத்தினின்று தென்மேற்கே கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பு கிடக்கின்றது. தமிழக அரசு 2021இல் அதனைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. அதனைக் கடந்து மேற்கே ஏறின், கடலூர் மணற்கல் எனப் புவியியலார் கூறும் படிவின்மேல் அமைந்த செம்மண் மேடு தொடங்கும். திருவக்கரையின் கல்மரங்கள் கிடப்பதும் அப்படிவிலேதான். இரும்புச்சத்தால் சிவந்து, மழைநீர் அறுத்த ஓடைகளோடு கிடக்கும் அம்மேடே வானூரின் இயல்பான நிலத்தோற்றம். 14, 134 ஆகிய பாட்டுகளில் மூதாயோடு காயாமலர் சேர்ந்து கிடத்தல் கூறப்படுகின்றது. செம்மண்மேற் செம்மணியும் நீலமணியும் பரப்பினாற்போன்ற காட்சி அது. காயாமரம் சோழமண்டலக் கரையின் உலர் பசுமைக் காட்டுக்குச் சிறப்பாக உரியது. வானூருக்குக் கிழக்கே கடலோரத்துக் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டில் அது இன்றும் மிகுதி. நத்தத்தனாரும் கோபத்துக்கு முன்னரே காயாவைக் கூறி, முசுண்டையையும் காந்தளையும் உடன் வைக்கின்றார். காந்தள் குறிஞ்சிக்குரியதன்றோ எனின், அதனைத் திணைமயக்கம் எனக் கூறி அமைதல் எளிது. ஆயின் இக்கரையோர வேலிகளிலும் மணற்பாங்கான காட்டோரங்களிலும் காந்தட்கொடி படர்தலை அறிந்தார், நத்தத்தனார் இலக்கணத்தை மீறவில்லை, கண்டதைக் கூறினார் என்றே கொள்வர். அவரையும் காயாவும் முசுண்டையும் காந்தளும் கோபமும் ஒருங்கு நிற்றற்குரிய நிலம் இதுவாகும். இஃது உப்புவேலூரே வேலூர் என்னும் முடிபை நிறுவிவிடும் என்று யான் கூறவில்லை. செம்மண் மேடு திண்டிவனப் பகுதியிற் பிறாண்டும் உண்டு. கழனி சூழ்ந்த ஊர் ஒன்றை வேலூர் எனக் கொள்வார்க்கு மட்டும் இது தடையாகும்.

ஈயல் மூதாய் என்னும் தொடர் தனியே ஆராய்தற்குரியது. 14, 139 ஆகிய பாட்டுகளில் இத்தொடர் வருகின்றது. ஈயல் என்பது ஈசல். மழைக்குப்பின் புற்றினின்று சிறகோடு எழும் கறையான். சிறகில்லாத மூதாய்க்கு ஈயல் அடையாதல் எவ்வாறு? இரண்டையும் ஒன்றாக்கி ஈயலாகிய மூதாய் என இருபெயரொட்டாகக் கொள்ளின் பொருள் சிதையும். இவ்விடத்து, வேற்று நாட்டு ஆய்வு ஒன்று நமக்கு உதவுகின்றது. அமெரிக்காவின் மொகாவிப் பாலைநிலத்தில் வாழும் இதன் பேருறவினை டெவிசு, நியூவெல் என்னும் இருவர் ஆராய்ந்து 1962இல் வெளியிட்டனர். நன்மழைக்குப் பின் வெயில் தோன்றும் காலையில் அவ்வுண்ணிகள் திரளாக வெளிவருதலையும், அதே மழைக்கு எழுந்து நிலத்தில் வீழும் ஈசல்களை உண்டு சின்னேரத்துள் மண்ணுட் புகுதலையும் அவர்கள் கண்டனர். இடைக்காடனார் மழையோய்ந்த வைகறையைக் கூறியதனோடு இதனை ஒப்பிடுக. ஈயல் எழும் பொழுதில், ஈயலோடு உடன் தோன்றும் மூதாய் என வேற்றுமைத் தொகையாகக் கொள்ளுதலே பொருந்தும் என்பது என் கருத்து. நம் நாட்டு மூதாயும் ஈயலை உண்ணுவது புலவர்க்குத் தெரிந்திருப்பின், அடைமொழி இன்னும் ஆழமுடையதாகும்.

வானூர் வட்டத்துச் செம்மண் மேடுகளிற் பெரும்பகுதி இன்று முந்திரித் தோப்பும் சவுக்குத் தோப்பும் வீட்டுமனையுமாய் மாறியுள்ளது. ஆரோவில் 1968இல் தொடங்கியபோது அரிப்புண்டு வறண்டு கிடந்த மேட்டில் மரம் வளர்த்ததனால் காடு மீண்டது உண்மை. எனினும் மூதாய்க்கு வேண்டுவது அடர்நிழல் அன்று, உழுபடையும் பூச்சிமருந்தும் மிகாத திறந்த கொல்லையும் அதனூடே செல்லும் மண்வழியும் ஆகும். தார் பூசிய சாலையில் அது ஊர்வதில்லை. கார்காலத்தில் இதனைப் பிடித்துத் தீப்பெட்டியுட் புல்லோடு இட்டு வளர்த்த சிறுவர்க்குச் சிறுபாணாற்றுப்படையின் இவ்விடத்துக்கு உரை வேண்டியதில்லை. அதனைக் காணாது வளர்ந்தார்க்கு உரை வேண்டும். அவ்வுரை ‘ஒருவகைப் பூச்சி’ என்பதாக இருத்தல் கூடாது. பத்துப்பாட்டுப் பாடநூல்களின் குறிப்பில் கோபம், மூதாய் என்பவற்றுக்குச் செந்நிற வெல்வெட்டு உண்ணி என்றும், செம்மண் புன்செய்யில் மழைக்குப்பின் காலையில் தோன்றுவது என்றும் எழுதுதல் தகும். ஆவணி, புரட்டாசியில் நல்ல மழை பெய்த மறுநாட் காலை, முதுகலை மாணவரைக் கிளியனூர், உப்புவேலூர்ப் பக்கத்துக் கொல்லைகட்கு அழைத்துச் சென்று, கண்ட இடம், மண், பொழுது, உடன்பூத்த செடி ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்துவரின், ஈயல் மூதாய் என்னும் தொடர்க்கு யான் கூறிய பொருள் நிலைபெறுமா என்பதும் சில கார்ப்பருவங்களுட் புலனாகும்.